கையெழுத்துப் போட்ட வெற்றுச் சீட்டு

பிப்ரவரி 17, திங்கள்

தூக்கம்: ஆறு மணி நேரம். வேர்வை: ஒரு தடவை, லேசாக. மறதி: இல்லை.

இந்த மூன்றையும் தினமும் காலையில் ஒரு நோட்டில் குறித்து வரும்படி மதுரை டாக்டர் ஹெப்சிபா அம்மா சொன்னார். மூன்று வரி கேட்டால் மூன்று பக்கம் எழுதுவது என் தொழில் புத்தி. சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன். இரண்டு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், டைப் அடிக்கச் செல்வராணி. என் பெயரில் லைசென்ஸ் வாங்கி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஊருக்கு நான் ரைட்டரம்மா. தில்லைநாயகி என்று கூப்பிடுவது பாங்க்காரர்கள் மட்டும்.

போன வருடம் ஜனவரியோடு மாதவிலக்கு நின்றது. விட்டது தொல்லை என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் வந்தது. நெஞ்சில் கிளம்பிக் காது வரை ஏறும் சூடு, ஒரு ராத்திரிக்கு மூன்று ரவிக்கை மாற்றும் வேர்வை, தூக்கமே இல்லாத வாரங்கள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் கட்சிக்காரர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது ‘கிரயம்’ என்ற சொல் எனக்கு வரவில்லை. தினம் இருபது தடவை எழுதும் சொல். பயந்துபோய் மதுரைக்கு பஸ் ஏறினேன்.

ஹெப்சிபா அம்மா ஸ்கேன், ரத்தம், மார்பு எல்லாம் சோதித்துவிட்டுக் கையில் தடவும் ஒரு ஜெல்லும் இரவுக்கு ஒரு மாத்திரையும் கொடுத்தார். மூன்றாம் வாரம் நான் பழைய ஆளாகிவிட்டேன். இப்போது அவர் தன் மகளின் பிரசவத்துக்காக ஆஸ்திரேலியா போயிருக்கிறார். ஜூனில்தான் வருவார். ‘இதே மருந்தை ஆறு மாதம் தொடரலாம், மாதம் ஒருமுறை ரத்தஅழுத்தம் பார்க்கவும்’ என்று உள்ளூர் டாக்டருக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

ஜெல்லும் மாத்திரையும் வெள்ளிக்கிழமை வரை வரும். கேஸ் சிலிண்டருக்குப் பதிந்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

டாக்டர் சந்திரமோகனைப் பார்த்தேன். எங்கள் ஊரில் கிளினிக் என்றால் அவருடையதுதான். அப்பாவைக் கடைசிவரை பார்த்தவர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. இன்றும் உண்டு என்றுதான் எழுத வேண்டும்.

லெட்டரில் முதல் பத்தியை வாசித்தார். இரண்டாம் பத்தியில்தான் மருந்து இருந்தது. அதற்குள் மடித்துவிட்டார்.

“ரைட்டரம்மா, இது பரிந்துரைதானே. நான் எழுதித்தான் ஆகணும்னு ஒண்ணும் இல்லையே.”

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்கா தெரியாது? இருபத்திரண்டு வருடமாக ஆபீஸ் கடிதங்களில் அதைப் பார்த்து வருகிறேன். பரிந்துரைக்கப்பட்ட எதுவும் அந்த மேஜையை விட்டு நகர்ந்ததில்லை.

ஒரு மாதம் தடவினேன், நன்றாக இருந்தது, தூங்கினேன் என்று சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்களுக்குக் கல்யாணம் ஆகலை. புள்ளகுட்டி இல்லை. உங்களுக்கு எதுக்கு ஹார்மோன்?”

“தூங்குறதுக்கு சார்.”

சிரித்தார். மோர் குடிக்க வேண்டுமாம், காலையில் நடக்க வேண்டுமாம், காரம் குறைக்க வேண்டுமாம். ஒரு சுண்ணாம்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். எல்லாப் பெண்களும் தாண்டி வருவதுதான் என்றார். வெளியே வரும்போது கம்பவுண்டர் எழுந்து நின்று கும்பிட்டார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

கடைசி ஜெல். டியூபை வெட்டி உள்ளே ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துத் தடவினேன்.

பிப்ரவரி 26, புதன்

மதுரைக் கடைக்குப் போன் செய்தேன். ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான், புதுச் சீட்டு வேண்டும் என்றார்கள். ஹெப்சிபா அம்மாவின் ஆஸ்பத்திரியில் இருக்கும் இன்னொரு டாக்டரைக் கேட்டால், அம்மாவின் நோயாளிகளை அம்மா வந்துதான் பார்ப்பார், ஜூன் 9-க்குப் பெயர் எழுதிக்கொள்ளவா என்கிறார்கள். எழுதச் சொன்னேன். மதுரையில் வேறொரு ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து எடுக்க வேண்டுமாம். அவர்களுக்கும் ஜூனில்தான் தேதி. அம்மாவுக்கே வாட்ஸப்பில் எழுதினேன். ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போனேன். சின்னப் பெண் டாக்டர், லெட்டரை முழுதாக வாசித்தவர் அவர் ஒருவர்தான். இந்த மருந்து அவர்களிடம் வருவதில்லை, வெளி மருந்து எழுத அனுமதி இல்லை என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியதுபோல் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

தூக்கம்: மூன்று மணி. வேர்வை: எண்ணவில்லை.

மார்ச் 1, சனி

தூக்கம்: இரண்டு. கேஸ் பதிந்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் கிளினிக். இந்தத் தடவை மனுவாக எழுதி டைப் அடித்துக் கொண்டுபோனேன். பொருள், பார்வை, இணைப்பு ஒன்று முதல் ஐந்து வரை. ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனை, லெட்டரின் நகல், தூக்கக் கணக்கு எல்லாம் வைத்துத் தைத்திருந்தேன். என் தொழிலில் இணைப்பு சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

டாக்டர் அதைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் பார்த்தார். ரைட்டரம்மா ரைட்டரம்மாதான் என்று கம்பவுண்டரிடம் காட்டிச் சிரித்தார். பிறகு கொஞ்சம் கனிவாகவே பேசினார். இந்த மருந்தில் கேன்சர் வரும் என்று படித்திருக்கிறாராம். எனக்கு என்ன ஆபத்து, எவ்வளவு என்று ஹெப்சிபா அம்மா அரைமணி நேரம் சொல்லி, எல்லாம் பார்த்துத்தான் கொடுத்தார் என்றேன். மதுரைக்காரர்கள் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், நாளைக்கு ஒன்று என்றால் ஊரில் பதில் சொல்ல வேண்டியது தான்தான் என்றார். அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

“ஒண்ணு பண்ணுங்க. உங்க தம்பியைக் கூட்டிட்டு வாங்க. ஆம்பளை ஒருத்தர் கூட இருந்தா எனக்கும் ஒரு தைரியம்.”

நாற்பத்தொன்பது வயதில், ஊரில் பாதி வீட்டுக்குப் பத்திரம் எழுதியவள், என் கையில் ஜெல் தடவிக்கொள்ளத் தம்பியின் சம்மதம் வேண்டும். கோபம் வரவில்லை. ஆபீஸுக்கு வந்து ஸ்டாப்ளரைத் தேடித் தரவில்லை என்று செல்வராணியிடம் கத்தினேன். ஸ்டாப்ளர் என் மடியில் இருந்தது.

மார்ச் 6, வியாழன்

முகூர்த்த நாள். ஒன்பது பத்திரம். கை ஓடியது. அப்பாடா என்று இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

கோவையில் இருக்கும் தம்பி முரளிக்குப் போன் செய்தேன். பிள்ளைகள் படிப்பு, வெயில், கார் சர்வீஸ் எல்லாம் பேசினான். எனக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டான். பிரஷர் என்றேன். வேறு எதை எந்த வார்த்தையில் சொல்வது? அவன் பள்ளிக்கூடம் போகும்போது, மாதத்தில் மூன்று நாள் நான் பின்கட்டில் உட்கார்ந்திருந்தால், அக்காவைக் காக்கா தொட்டுவிட்டது என்று சொல்லித்தான் அவனைத் தள்ளி நிறுத்துவார்கள். அந்தக் காக்கா இன்னும் எங்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 12, புதன்

இதை எழுதத்தான் வேண்டும்.

குருவையா என்பவர் தன் வீட்டுமனையில் கிழக்குப் பக்கக் கீழ்பாதியை அண்ணன் கருத்தப்பாண்டிக்குக் கிரயம் செய்தார். ஆறாம் தேதி பதிவானது. குருவையா குடும்பத்தோடு குடியிருப்பது மேல்பாதியில். காலிமனை கீழ்பாதி. பத்திரத்தில் நான் ‘மேல்பாதி’ என்று எழுதியிருக்கிறேன். நான்கு எல்லையையும் அதற்குத் தக்கபடி மாற்றிப் போட்டிருக்கிறேன். பிழை என்றாலும் எவ்வளவு ஒழுங்கான பிழை. பதிவுக்கு முன்னால் வாசித்தும் காட்டினேன். என் வாயும் மேல்பாதி என்றுதான் வாசித்திருக்கிறது. எழுத்துத் தெரியாத குருவையா, ரைட்டரம்மா வாசித்தால் சரியாக இருக்கும் என்று தலையாட்டியிருக்கிறார்.

எங்கள் தொழிலில் இதற்குப் பிழைதிருத்தல் பத்திரம் உண்டு. பத்து நிமிட வேலை. ஆனால் இரு தரப்பும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். கருத்தப்பாண்டி வரமாட்டேன் என்கிறார். பத்திரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் தனக்கு என்கிறார்.

குருவையாவின் சம்சாரம் பேச்சியம்மாள் மத்தியானம் வரை என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நாங்க எங்கம்மா போவோம்? நீங்க எழுதுனா தப்பாதுன்னுல்ல வந்தோம்.”

எனக்கு அப்போது சூடு ஏறியது. முகமெல்லாம் வேர்த்து ஊற்றியது. நான் அழுகிறேன் என்று நினைத்து அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

மார்ச் 13, வியாழன்

செல்வராணி இன்று ஒவ்வொரு பத்திரத்தையும் என் பின்னால் நின்று ஒருமுறை வாசிக்கிறாள். நான் சொல்லவில்லை. அவளாகச் செய்கிறாள்.

மார்ச் 17, திங்கள்

மூன்றாம் முறை கிளினிக். குருவையா விஷயத்தை டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னேன். மருந்து இருந்த மாதத்தில் ஒரு எழுத்துத் தப்பவில்லை, நிறுத்திய பதின்மூன்றாம் நாள் ஒரு குடும்பத்தின் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டேன், என் லைசென்ஸ் போவதைவிட இன்னொரு வீடு போகுமோ என்றுதான் பயமாக இருக்கிறது என்றேன்.

கவனமாகக் கேட்டார். இதயத் துடிப்பு பார்த்தார். பிறகு சொன்னார்:

“அப்ப கொஞ்ச நாளைக்கு எழுதாதீங்க. கடையை அந்தப் புள்ள பார்த்துக்கட்டும். இல்லையா, கர்ப்பப்பையை எடுத்துருவோம். விருதுநகர்ல நம்ம ஆளு இருக்கார். நாளைக்கே சொல்றேன்.”

ஒரு டியூப் ஜெல் எழுதப் பயப்படுகிறவர், என் வயிற்றைக் கிழிக்க நாளைக்கே தேதி வாங்கித் தருகிறார். எடுத்தாலும் இந்தச் சூடு போகாதே சார் என்றேன். அதற்குள் அடுத்த ஆளின் பெயரைக் கம்பவுண்டர் கூப்பிட்டுவிட்டார்.

மார்ச் 24, திங்கள்

தூக்கம்: இரண்டரை. மறதி: வீட்டுக்குச் சிலிண்டர் இரண்டு வந்தது. இரண்டு தடவை பதிந்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். அடுத்த செவ்வாய் முளைப்பாரி. ஊரே மஞ்சளாக இருக்கிறது.

கிளினிக்கோடு ஒட்டியிருக்கும் மெடிக்கலில் தலைவலி மாத்திரை வாங்கப் போனேன். வருடா வருடம் பார்ப்பதுதான், இந்த வருடம்தான் கண்ணில் பட்டது. கிளினிக் ஜன்னலில் பெண்கள் வரிசை. முளைப்பாரி எடுக்கும் நாளில் விலக்காகிவிடக் கூடாது என்று தள்ளிப்போடும் மாத்திரைக்கு நிற்கிறார்கள். டாக்டர் யாரையும் பார்ப்பதில்லை. கட்டுக்கட்டாகச் சீட்டில் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுகிறார். கம்பவுண்டர் பெயரைக்கூட எழுதாமல் ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொடுக்கிறார். மெடிக்கல் கந்தவேல் சீட்டை வாங்கிக் கம்பியில் குத்திவிட்டு ஒரு அட்டையை எடுத்து நீட்டுகிறார். பேச்சே இல்லை.

அதுவும் ஹார்மோன் மாத்திரைதானே என்று கந்தவேலிடம் கேட்டேன். “சாமி காரியம்லம்மா” என்றார். பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி அம்மாவோடு வரிசையில் நின்றாள். ஆபத்து கீபத்து என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

மத்தியானம் செல்வராணி சாப்பிடப் போயிருந்தபோது டாக்டர் வீட்டம்மா வந்தார். ரேணுகாதேவி. எனக்கு இரண்டு வயது மூப்பு. கோயிலில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். அவர் அம்மாவின் வீட்டைத் தங்கைக்கு எழுதிக் கொடுப்பது பற்றிக் கேட்க வேண்டும் என்றார். கேட்டார். சொன்னேன். கேட்டு முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. விசிறி இருக்கிறதா என்று கேட்டார். அப்போதுதான் பார்த்தேன், கழுத்தெல்லாம் சிவந்து, மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது. ஃபேனை அவர் பக்கம் திருப்பினேன்.

“உங்க மனுவைப் படிச்சேன். வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டிச் சிரிச்சாரு. அஞ்சு இணைப்பையும் படிச்சேன்.” கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்த ஜெல்லு நெசமாவே கேட்டுச்சா?”

கேட்டது என்றேன். மூன்றாம் வாரத்தில் ஆறு மணி நேரம் தூங்கியதைச் சொன்னேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், தடவிய இடம் எது என்று தேடுவதுபோல.

உங்களுக்கு என்ன தருகிறார் என்று கேட்டேன்.

“மோரு. நடை. ரெண்டு வருசமா நடக்கேன் ரைட்டரம்மா.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அவர் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. பிறகு பர்ஸைத் திறந்து நான்காக மடித்த ஒரு சீட்டை மேஜையில் வைத்தார். கிளினிக் பெயர் அச்சிட்டது. அடியில் டாக்டரின் கையெழுத்து. நடுவில் ஒன்றும் இல்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கட்டுக்கட்டாகப் போடுகிறாராம். ஒன்று குறைந்தால் தெரியாது, இரண்டு எடுத்தால் தெரிந்துவிடும் என்று ஒன்றுதான் எடுத்திருக்கிறார்.

“லெட்டர்ல இருக்கறதை அப்படியே எழுதிக்கோங்க. கெடச்சா எனக்குப் பாதி தாங்க.”

அவருக்குச் சோதனை எதுவும் செய்யவில்லை, பாராமல் தடவக் கூடாது, மதுரைக்கு வாருங்கள், ஜூனில் சேர்ந்து போவோம் என்றேன். டாக்டர் வீட்டம்மா இன்னொரு டாக்டரிடம் போனால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டார். பாதி தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

வெற்றுத்தாளில் போட்ட கையெழுத்துக்கு மேலே ஒரு எழுத்து எழுதினாலும் கை அழுகும் என்பார் அப்பா. எத்தனையோ பேர் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார்கள். ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து நான் கர்வப்பட்டுக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான்.

சீட்டைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தேன். எடுத்தேன். வைத்தேன்.

ஏப்ரல் 5, சனி

பேச்சியம்மாள் வந்தாள். கருத்தப்பாண்டி வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார். பொங்கல் கழிந்ததும் கையெழுத்துப் போடுவதை யோசிக்கிறேன் என்று பெரியவர்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறாராம். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நடுவில் அவள் பெயர் எனக்கு மறந்துபோனது. அம்மா, அம்மா என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

எழுதினேன்.

காலையில் குளித்து, மேஜையைத் துடைத்து, ஹெப்சிபா அம்மாவின் லெட்டரை இடது பக்கம் வைத்து எழுதினேன். முதலில் வேறு தாளில் நான்கு தடவை எழுதிப் பார்த்தேன். மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள், எந்த வேளை. பிறகு சீட்டில். பிறகு அடியிலிருந்து மேலே ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். செல்வராணியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. கை அழுகவில்லை. நடுங்கவும் இல்லை. கீழ் மேல் குழம்பாமல் அவ்வளவு சுத்தமாக நான் எழுதி ஆறு வாரம் ஆகிவிட்டது.

பதினொரு மணிக்கு மெடிக்கலுக்குப் போனேன். நாளை முளைப்பாரி என்பதால் கூட்டம். மனசுக்குள் எல்லாவற்றையும் தயார் செய்து வைத்திருந்தேன். இருப்பு இல்லை என்றால் மதுரையிலிருந்து வரவழையுங்கள் என்று சொல்ல வேண்டும். டாக்டர் எப்போது எழுதினார் என்று கேட்டால் சனிக்கிழமை சாயங்காலம் என்று சொல்ல வேண்டும்.

கந்தவேல் ஒன்றும் கேட்கவில்லை. சீட்டை வாங்கினார். அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார், மேலே பார்க்கவில்லை. கம்பியில் குத்தினார். பின்னால் திரும்பாமலே கையை விட்டு ஒரு அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற எல்லோருக்கும் கொடுத்த அதே அட்டை.

இது இல்லை என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் ஒரு சின்ன ஆச்சரியம், இந்த வயதிலுமா என்பதுபோல. பிறகு போனைக் கையில் எடுத்தார்.

“வேற எதும் எழுதியிருந்தாகளா? டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுறவாம்மா?”

என் சீட்டு கம்பியில் இருந்தது. அதன்மேல் அடுத்த சீட்டும் விழுந்துவிட்டது.

“வேண்டாம். இதுதான்” என்றேன்.

அட்டை இப்போது மேஜையில் இருக்கிறது. விலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை, பத்து. எனக்கு நின்று பதினைந்து மாதம் ஆகிறது. டாக்டர் வீட்டம்மா இரண்டு தடவை போன் செய்துவிட்டார், நான் எடுக்கவில்லை. அவருக்குப் பாதி தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

தூக்கம்: இரண்டு மணி. வேர்வை: ஐந்து தடவை, கடையில் ஒன்று. மறதி: இல்லை. இன்று நான் எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.